பழைய வண்ணப்படம்: கோர்ஸ்கியா, ஆட்டோகுரோமா?

முதல் உலகப்போருக்கு முந்தைய வண்ணப்படத்தை யாருக்காவது அனுப்பினால் உடனே வரும் கேள்வி, "இது கணினியில் வண்ணம் பூசியதா?" என்பதுதான். இல்லை. அன்றைக்கே நேரடியாக வண்ணத்தில் எடுத்தார்கள். நான் அதிகம் பகிர்வது அதில் இரண்டு வகை.

ரஷ்யாவின் புரோகுடின்-கோர்ஸ்கி நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக ஒரே கண்ணாடித் தகட்டில் அடுத்தடுத்து மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். மூன்றுக்கும் அதனதன் நிற ஒளியைக் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் நிறம் வந்துவிடும். 1911-இல் எடுத்த, மத்திய ஆசியாவின் புகாராவை ஆண்ட அமீரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நீல அங்கியின் பூவேலை அவ்வளவு துல்லியம். ஆனால் அசைந்தது எதுவும் சரியாக விழாது. ஆற்று நீரில் மூன்று நிறமும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். எனக்கு அந்தச் சிதறல் ரொம்பப் பிடிக்கும். அந்தச் சில நொடிகளில் தண்ணீர் ஓடியது கண்ணுக்குத் தெரிகிறதே!

லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் 1907-இல் விற்பனைக்கு வந்தது. சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் பரப்பிய தகடு, ஒரே முறை எடுத்தால் போதும். பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பர்ட் கானின் செலவில் இப்படிச் சேர்ந்த படங்கள் சுமார் 72,000. பார்க்க ஓவியம்போல மென்மை, ஆனால் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகிவிடும்.

அழகுக்கு ஆட்டோகுரோம், சரி. உட்கார்ந்து பேசுவதற்கு நான் கோர்ஸ்கியைத்தான் எடுப்பேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948-இல் வாங்கிய அந்தத் தகடுகளின் மூன்று படங்களையும் இணையத்திலிருந்து அப்படியே இறக்கி, நாமே பொருத்திப் பார்க்கலாம்.