வொண்டர் வுமன்: களிமண் மகளா, ஜீயஸ் மகளா?

வொண்டர் வுமன் காமிக்ஸில் எந்த வரிசையை முதலில் வாங்குவது என்று தடுமாறுபவர்களுக்கு இது.

பிறப்பு: 1987இல் ஜார்ஜ் பெரெஸின் கைவண்ணத்தில், போர்வீரப் பெண்களான அமேசான்களின் அரசி ஹிப்போலிட்டா வனைந்த களிமண் குழந்தைக்குத் தெய்வங்கள் உயிர் தருகின்றன; அவள்தான் டயானா, அதாவது வொண்டர் வுமன். 2011இல் பிரையன் அஸரெல்லோ தொடங்கியதில் கிரேக்கக் கடவுள்களின் அரசன் ஜீயஸே தந்தை; களிமண் கதை தாய் சொன்ன பொய்.

அமேசான்கள்: பெரெஸிடம், ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களின் மறுபிறவிகள். அஸரெல்லோவிடமோ மாலுமிகளைக் கூடிவிட்டுக் கொல்பவர்கள்; பிறக்கும் ஆண் குழந்தைகளை கொல்லர் கடவுள் ஹெஃபஸ்டஸிடம் கொடுத்து ஆயுதம் வாங்குபவர்கள். ரசிகர்கள் பலர் கொதித்தது இதற்குத்தான். என் கட்சியும் அதுவே. தந்தை முளைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

வாசிப்பு: பெரெஸ் நிதானம், வசனம் அதிகம். அஸரெல்லோ விறுவிறுப்பு, கிளிஃப் சியாங்கின் ஓவியமும் அபாரம்.

டயானாவின் கனிவை அறிய விரும்பினால் பெரெஸ். கடவுள்களின் குடும்பச் சண்டை பிடிக்குமென்றால், தயங்காமல் அஸரெல்லோ.