ஹாஷா, சார்ட்டா? போஸ்ட்கிரெஸ்ஸில் குரூப் பை தின்னும் மெமரி

விற்பனை டேபிளில் 2 கோடி வரிகள் இருக்கின்றன, கிளைவாரியாக மொத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிகளைக் குழுக்களாகச் சேர்க்கும் குரூப் பை போட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கும்.

ஹாஷ்அக்ரிகேட் கிளைக்கு ஒரு இடம் ஒதுக்கி, வருகிற வரியை அங்கேயே கூட்டிக்கொண்டு போகும். 40 கிளைகள் என்றால் மெமரியில் 40 கூட்டுத்தொகைகள்தான். குரூப்அக்ரிகேட் முதலில் எல்லா வரிகளையும் கிளைவாரியாக அடுக்கும் (இதுதான் சார்ட்), அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே கிளையின் கணக்கைக் கையில் வைத்திருக்கும். கனமான வேலை அந்த அடுக்குதல்தான். கிளைக்குப் பொருத்தமான இண்டெக்ஸ் இருந்தால் அந்த வேலையும் தேவைப்படாமல் போகலாம்.

கிளைவாரிக் கணக்குக்கு யோசிக்கவே வேண்டாம், ஹாஷ்தான். வாடிக்கையாளர்வாரியாகக் கேட்டால் குழுக்கள் லட்சக்கணக்கில் போகும். 12-ஆம் பதிப்பு வரை ஹாஷுக்கு டிஸ்க்கில் எழுதி வைக்கத் தெரியாது. எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் பிளானர் குழு எண்ணிக்கையைக் குறைவாகக் கணித்துவிட்டால், ஒர்க்_மெம் என்ற மெமரி வரம்பைத் தாண்டி அது பாட்டுக்கு வளரும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு இதைச் சரிசெய்தது. இடம் நிரம்பிவிட்டால் புதுக் குழுக்களின் வரிகளை டிஸ்க்கில் ஒதுக்கிவைத்து, பிறகு எடுத்துக் கூட்டும். குவெரியை ஓட்டி அது நடந்த விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டுப் பாருங்கள்: ஹாஷ்அக்ரிகேட்டுக்குக் கீழே ‘பேட்ச்சஸ்’ 1-க்கு மேல் காட்டி, பக்கத்தில் ‘டிஸ்க் யூசேஜ்’ என்றும் இருந்தால் நடந்தது இதுதான்.

ஆனால் ஒரு ஓட்டை அடைபடவில்லை. உள்ளே வந்துவிட்ட குழு பெருப்பதை யாரும் தடுப்பதில்லை. சம், கவுன்ட் என்றால் பரவாயில்லை. மதிப்புகளைப் பட்டியலாகச் சேர்க்கும் அரே_அக், ஸ்ட்ரிங்_அக் போட்டால் ஒவ்வொரு வரியும் அதன் குழுவோடு ஒட்டிக்கொள்ளும், எல்லாப் பட்டியல்களும் ஒரே சமயத்தில் வீங்கும். இங்கே நான் சார்ட் பக்கம். ஒரு பட்டியலை முடித்து அனுப்பிவிட்டுத்தான் அது அடுத்ததைத் தொடும்.

ஒவ்வொரு வரிக்கும் அதோடு தொடர்புள்ள வரிகளை வைத்துக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன், குரூப் பை போல வரிகளைச் சுருக்காது. அவற்றை ஒரு தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொள்ளும், ஒர்க்_மெம் போதாவிட்டால் டிஸ்க்கில் கொட்டும். நகரும் ஃபிரேமில் (அந்தந்த வரிக்குக் கணக்கில் சேரும் வரிகளின் தொகுதி) முழு எண்களுக்கும் துல்லியமான தசம வகையான நியூமெரிக்குக்கும் சம் போட்டால், வெளியேறும் வரியைக் கழித்துவிட்டால் போதும். 2014-இல் 9.4 கொண்டுவந்த வசதி இது. மேக்ஸுக்கும், தோராயமான தசம வகையான ஃப்ளோட்டின் சம்முக்கும் அது கிடையாது, ஃபிரேமின் தொடக்கம் நகரும்போது முதலிலிருந்து கணக்கிட வேண்டியதுதான். 7 வரி ஃபிரேமில் தெரியாது. 10,000 வரி ஃபிரேமில் நன்றாகவே தெரியும்.

ஒர்க்_மெம் இயல்பாக 4 எம்பி. 15-ஆம் பதிப்பிலிருந்து ஹாஷுக்கு மட்டும் அதில் இரு மடங்கு. இந்த வரம்பு குவெரிக்கு அல்ல, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனி. பேரலல் ஒர்க்கர்களுக்கும் அப்படியே. அதனால் சர்வர் முழுக்க ஏற்றாதீர்கள். அந்த ஒரு ரிப்போர்ட்டின் டிரான்ஸாக்‌ஷனுக்குள் செட் லோக்கல் போட்டு ஏற்றுங்கள்.