26 பேர் பட்டறையின் சம்பளக் கணக்கு: எக்செல், ஆலோசகர், மென்பொருள்

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பம்பு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். 2018 இறுதியில் எங்களிடம் வேலை செய்வோர் 20 பேரைத் தொட்டனர். அதுவரை 10 பேருக்கு மேல் இருந்ததால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மட்டும் கட்டிவந்த நாங்கள், அந்த மாதம் முதல் வருங்கால வைப்பு நிதியும் (பி.எஃப்.) கட்ட வேண்டியவர்களானோம். இன்று 26 பேர் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எக்செல் தாளிலும், வெளி ஆலோசகர் வழியாகவும், மாதச் சந்தா மென்பொருளிலும் சம்பளம் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கள் பட்டறையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலோருக்குச் சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம். ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும், தீபாவளிக்கும் அட்வான்ஸ் வாங்குவார்கள். அது வாரம் 500, 1,000 ரூபாயாகக் கழியும். ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மாதக் கணக்கு. இரண்டுக்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். வாரத்தில் கொடுத்ததை மாதத்தில் கூட்டிப் பிடித்தம் செய்யும் இந்த இடத்தில்தான் எங்கள் பிழைகளில் பாதி பிறந்தன.

எக்செல் தாள் 12 பேர் வரை நன்றாகவே உதவியது. அதன் குறை, சட்டம் மாறியதை அது தானாக அறியாது என்பதே. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. தொழிலாளர் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகவும், முதலாளி பங்கு 4.75இலிருந்து 3.25 ஆகவும் குறைந்தது. மாதத் தாளில் விகிதத்தை மாற்றிய நான், வாரச் சீட்டுத் தாளில் மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்த பிறகு, கடைசல் இயந்திரத்தில் நிற்கும் ஒரு தம்பி தன் சீட்டைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் தெரிந்தது. அனைவருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றாலும், அந்தத் தவற்றைத் தொழிலாளி கண்டுபிடிக்கும்படி விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

2020 முதல் ஓர் ஆலோசகரிடம் மாதம் 3,500 ரூபாய்க்கு ஒப்படைத்தோம். தாக்கல், சலான், ஆய்வாளர் கடிதங்களுக்குப் பதில் என எல்லாம் அவர் பொறுப்பு. அனுபவமுள்ளவர், கேள்விக்குப் பொறுமையாக விளக்கம் தருபவர். ஆனால் பணத்தை எங்களிடம் வாங்கி அவரே கட்டும் ஏற்பாட்டுக்கு நாங்கள் ஒப்புக்கொண்டது தவறு. ஒரு மாதம் 15ஆம் தேதிக்குப் பதிலாக 18ஆம் தேதி பி.எஃப். கட்டப்பட்டது. வட்டியும் அபராதமும் சிறு தொகைதான். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது எங்கள் ஆடிட்டர்தான் பெரிய இழப்பைக் காட்டினார். தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால், அப்போதைய வருமான வரிச் சட்டப்படி அது செலவாக ஏற்கப்படாமல் வருமானத்தோடு சேர்ந்துவிடும். பின்னால் கட்டியதைக் காட்டியும் மீட்க முடியாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மூன்று நாள் தாமதத்துக்காகச் சுமார் 34,000 ரூபாய்க்கு வரி கட்டினோம். ஆலோசகர் யாராக இருந்தாலும் சட்டத்தின் முன் பொறுப்பு முதலாளிக்குத்தான் என்பதால், அதன்பின் சலானுக்கான பணம் எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகவே போகிறது.

2022 ஏப்ரலில் முதல் மென்பொருளுக்கு மாறினோம். சம்பளச் சீட்டு அழகாக வந்தது. கைபேசியிலும் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த ஜூனில் எங்கள் மூத்த மெஷினிஸ்ட் ஒருவருக்குச் சம்பளத்தை உயர்த்தி, அது இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டியதும், மென்பொருள் அவரை அந்த மாதமே இ.எஸ்.ஐ. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உண்மையில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும் வரை கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அவருக்கு ஏப்ரல், மே மட்டுமே கணக்கில் இருந்தன. 2023 பிப்ரவரியில் மஞ்சள் காமாலையால் அவர் ஒரு மாதம் படுத்தபோது, சம்பளத்தில் 70 சதவீதம் வர வேண்டிய அந்த உதவி வரவில்லை. விடுபட்ட மாதங்களை வட்டியுடன் கட்டினோம். அந்த உதவித்தொகையை எங்கள் கையிலிருந்து கொடுத்தோம். ஆனால் எங்களிடம் கேட்கத் தயங்கி அவர் முதலில் வெளியே கடன் வாங்கியிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது.

அந்த ஆண்டே வேறொரு மென்பொருளுக்கு மாறினோம். இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். வாங்கும் முன் இந்த இ.எஸ்.ஐ. நிலையை மாதிரியாகக் கொடுத்துச் சோதித்தேன். தொழில் வரியையும் சோதித்தேன். நம் மாநிலத்தில் அது உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250 ரூபாய் கட்டுவது. மாதந்தோறும் பிடிக்கும் மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள்கள் இதில் தடுமாறுகின்றன. நான் பார்த்த நான்கில் இரண்டு தேறவில்லை.

எந்த மென்பொருளும் முழுதாகத் தீர்த்து வைக்காத சிக்கல் பெயர்தான். நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கியில் பின்னால் இருக்கும், பி.எஃப். கணக்கில் தந்தையின் முழுப்பெயராக இருக்கும். செந்தில்குமார் ஓரிடத்தில் ஒரே சொல், மற்றோரிடத்தில் இரண்டு சொல். 2021 செப்டம்பர் முதல் ஆதாருடன் இணையாத யு.ஏ.என். எண்ணுக்கு (ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய பி.எஃப். அடையாள எண்) பணம் செலுத்தவே வழியில்லை என்றானபோது, எங்களில் ஒன்பது பேரின் விவரங்கள் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்தவர் அந்த ஆலோசகரின் உதவியாளர். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, சான்றுகளை ஒப்பிட்டு, தொழிலாளியும் நாங்களும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு விண்ணப்பம் போட்டு முடிக்க மூன்று மாதம் ஆனது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளுக்கு முந்தைய வேலையிடத்திலேயே எண் இருந்திருக்கும்; கேட்காமல் புதிதாகத் திறந்தால் பழைய சேமிப்பு தனியாகக் கிடந்துவிடும். ஆகவே வேலைக்குச் சேரும் நாளிலேயே பழைய எண்ணைக் கேட்டு எழுதி வாங்குகிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவே, மென்பொருள் இருந்தாலும் ஆலோசகர் உறவை நான் முழுதாக விடவில்லை. மாதக் கட்டணம் இல்லை, வேலைக்கேற்பக் கொடுக்கிறேன்.

நீங்கள் உதவி தேடுகிறீர்கள் என்றால், கட்டணத்தை ஒப்பிடும் முன், 15ஆம் தேதிக் கெடுவுக்கு முன் 12ஆம் தேதியே கணக்கின் வரைவைத் தருவார்களா, சலான் ரசீது யார் பெயரில் யார் கையில் இருக்கும், விட்டுப் போகும்போது பழைய ஆண்டுகளின் பதிவேடுகளை எக்செல் வடிவில் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை முதல் மென்பொருளிடம் நான் கேட்கவில்லை; 14 மாதச் சீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது மென்பொருளுக்கு மாதம் 1,800 ரூபாய்க்குச் சற்றுக் கீழே ஆகிறது. 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியையும் பிடித்தத்துக்கான ஊதியமாகக் கொள்ள வேண்டியிருப்பதால், ஆறு பேரின் சம்பளப் பிரிவை ஆடிட்டருடன் அமர்ந்து மாற்றி அமைத்தோம். வார அட்வான்ஸ் கழிவை மட்டும் மென்பொருள் இன்னும் ஏற்கவில்லை. சனிக்கிழமை மாலை அதை நோட்டில் எழுதி, தொழிலாளியின் கையெழுத்து வாங்கி, மாதக் கடைசியில் மொத்தத்தை உள்ளிடுகிறோம்.