கோப்புகளைக் கணினியில் ஏற்றித் தருகிறோம் என்று வந்தால்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கடையோ ஆலையோ வைத்திருப்பவர்களுக்கு இது. ஆவண முகாமைத்துவ மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு ஒரு கொழும்புக் கம்பனி ஊர் ஊராக வருகிறது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் ஹாட்வெயார் கடையில் அவர்கள் பார்த்த வேலையைக் கேளுங்கள்.

2011 ஜனவரி வெள்ளத்தில் பில் புத்தகங்களைப் பறிகொடுத்த கடை எங்களுடையது. "எல்லாம் கிளவுட்டில் இருக்கும் அண்ணன், பெயரை அடித்தால் உடனே வரும்" என்றார் வந்த தம்பி. மடிகணினியில் தேடியும் காட்டினார். அவர் காட்டியதெல்லாம் பளிச்சென்று அச்சடித்த ஆங்கிலப் பக்கங்கள்.

எங்கள் அலுமாரியில் இருப்பதோ கார்பன் பிரதி பில், முத்திரை குத்திய சிங்களக் கடிதம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதம். பாமினியில் 'அம்மா' திரையில் தமிழாகத்தான் தெரியும். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இப்போது எல்லாரும் தமிழ் தட்டும் யூனிகோட் முறையில் தேடினால் எங்கே கிடைக்கும்? மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அதைக்கூடச் செய்யவில்லை. ஸ்கான் படங்களுக்கு, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரியை (OCR) ஆங்கிலத்துக்கு மட்டும் போட்டிருந்தார்கள். காசில்லாமல் கிடைக்கும் டெசராக்ட் என்ற எழுத்துணரியில் தமிழும் சிங்களமும் உண்டு. கையெழுத்தில் சறுக்கும், நல்ல அச்சில் பரவாயில்லை, ஆனால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவிலாவது ஸ்கான் செய்திருக்க வேண்டும். இவர்கள் சேமிப்பு இடத்தை மிச்சம் பிடித்ததில் பில்லில் இருப்பது 3ஆ 8ஆ என்றே தெரியவில்லை. கோப்புப் பெயரில் சப்ளையரும் இல்லை, திகதியும் இல்லை, வெறும் இலக்கம்.

அப்புறம், ஸ்கான் ஆனதும் கடதாசியை எரித்துவிடலாம் என்று ஒரு யோசனை வேறு. எங்கள் கணக்குப் பார்க்கும் அக்கா விடவில்லை. காணி விற்பனை ஒப்பந்தம், அற்றோர்னி தத்துவம் (பவர் ஒஃப் அற்றோர்னி) போன்றவற்றுக்கு, மின் ஆவணங்களுக்குச் சட்ட மதிப்புத் தரும் 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் பொருந்தாது. மூலப் பிரதி இல்லாவிட்டால் ஸ்கானை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உண்மையான பொறி சந்தா புதுப்பிக்கும்போதுதான் தெரிந்தது. விலையை ஏற்றினார்கள். சரி, எங்கள் ஆவணங்களைத் தாருங்கள், போகிறோம் என்றால், மொத்தமாகத் தருவதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். காசு கட்டாவிட்டால் ஒவ்வொன்றாகத்தான் இறக்கலாம், அதுவும் சந்தா நடப்பில் இருக்கும் வரைக்கும். இப்போது கடைப் பொடியன் ஒருவன் அந்த வேலையில்தான் இருக்கிறான்.

உங்களிடமும் வந்தால், இருப்பதிலேயே மங்கிய பில் ஒன்றையும் பாமினிக் கடிதம் ஒன்றையும் கையில் கொடுத்து, ஏற்றி, தேடிக் காட்டச் சொல்லுங்கள். விலகும்போது எல்லாவற்றையும் பிடிஎப்பாக, பெயர்ப் பட்டியலோடு, எத்தனை நாளில், என்ன விலைக்குத் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த வரியை எழுத மறுத்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.