பூப் படம் அலுத்துப்போனால்: லென்ஸை மாற்றுவதா, ஒரே பூவோடு உட்காருவதா?

பூ நடுவில், பின்னணி மங்கல், இதழில் இரண்டு பனித்துளி. படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் போன வருடம் எடுத்ததும் இதேதான், அதற்கு முந்தைய வருடம் எடுத்ததும் இதேதான். பூக்களைப் படமெடுக்கும் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். இதிலிருந்து வெளியே வர நான்கு வழிகளை முயன்று பார்த்தேன். நான்கும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் எல்லோரையும் போல, சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் கொண்டாட்டம்தான். 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும்போது, ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில், 36 மி.மீ. அகலமுள்ள பகுதி படத்தை முழுக்க நிரப்பிவிடும். அப்புறம்தான் தொல்லை ஆரம்பம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். சரி என்று எஃப்/16-க்குப் போனால், அந்த நெருக்கத்தில் அது எஃப்/32 போல நடந்துகொண்டு படத்தின் கூர்மையையே மழுக்கிவிடும். போகஸை நகர்த்தி நகர்த்தி இருபது படம் எடுத்து ஒன்றாக அடுக்கலாம். வீட்டுக்குள் அது நடக்கும், வெளியே ஒரு சின்னக் காற்று போதும், மொத்தமும் வீண். இவ்வளவும் பட்டு ஒரு மாதம் கழித்து படங்களைப் பார்த்தால், பூவின் நடுவிலிருந்து மகரந்தத்தின் நடுவுக்கு வந்திருந்தேன், அவ்வளவுதான். கட்டமைப்பு அதே பழைய கட்டமைப்பு.

மேக்ரோ வீண் என்று சொல்லவில்லை. பெர்லினில் ஆசிரியராக இருந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் செடிகளின் மொட்டையும் சுருளையும் 30 மடங்கு வரை பெரிதாக்கிப் படமெடுத்தார். பார்ப்பவர் அழகில் மயங்க வேண்டும் என்பதற்காக அல்ல, மாணவர்களுக்கு வடிவத்தைப் பாடமாகக் காட்டுவதற்காக. அவர் படங்கள் 1928-ல் புத்தகமாக வந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவருக்கு உருப்பெருக்கம் ஒரு கருவி. எனக்கு அப்போது அது தெரியவில்லை. ஆசை இருந்தால் முதலில் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டுப் பாருங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று வளையம் அது. லென்ஸைக் கேமராவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. வளையம் போட்டால் பாதி உருப்பெருக்கம் கிடைத்துவிடும். தூரத்துப் பொருளில் போகஸ் விழாது, வெளிச்சமும் கொஞ்சம் குறையும். இந்தப் பாதை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அது போதும்.

இரண்டாவது வழி, ஷட்டரை மெதுவாக்கி, அது திறந்திருக்கும்போதே கேமராவை அசைத்து எடுப்பது. நூறு எடுத்தால் மூன்று தேறும். அந்த மூன்றையும் நான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவது, ஒளியை மாற்றுவது. காசு செலவில்லாமல் நிறையக் கொடுப்பது இதுதான். முன்னால் விழும் வெயிலை விட்டு, பூவுக்குப் பின்னால் வெயில் வரும்படி சுற்றி வந்து நின்றால் இதழ் விளக்குக் கூண்டு மாதிரி உள்ளிருந்து எரியும், நரம்பு நரம்பாகத் தெரியும். பூ வெயிலிலும் பின்னணி நிழலிலும் இருக்கும் கோணம் கிடைத்தால், கறுப்புத் துணி இல்லாமலே பின்னணி கறுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: சிவப்புப் பூவில் சிவப்புச் சேனல் (படத்தின் சிவப்பு நிறப் பதிவு) மட்டும் முதலில் வெந்து நுணுக்கம் அழிந்துபோகும், பொது ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) அது தெரியாமலே போகலாம். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கும் அளவுக்கு, குறைத்து எடுங்கள்.

நான்காவதுதான் என் கட்சி: ஒரே லென்ஸ், ஒரே பூ, ஒரு நாள் முழுக்க. ஒரு செம்பருத்தியோடு உட்கார்ந்தேன். முதல் நாற்பது படமும் நான் ஏற்கெனவே எடுத்த படங்கள்தான். அது தீரும் வரை பொறுக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள கஷ்டம். அப்புறம் கண் வேறு இடத்துக்குப் போனது. நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டின் நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள். மதியத்துக்குள் மஞ்சள் தூள் இதழில் உதிர்ந்து, யாரோ தட்டிவிட்டுப் போனது போலக் கிடந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், பச்சைக் கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய பச்சை விரல்கள் இன்னொரு வரிசை. இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் இதழ்கள் உள்ளே சுருளத் தொடங்கின. அன்றைக்கு உருப்படியாகத் தேறிய படம் அதுதான்.

1920-களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம் மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு அதிகம் நகர முடியாமல் இருந்த காலத்தில்தான் தோட்டத்துச் செடிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தார். இன்றும் பேசப்படும் அவரது மக்னோலியா பூவின் படம் 1925-ல் அப்படி வந்ததுதான்.

நேரமே இல்லாதவருக்கு என் பரிந்துரை மூன்றாவது வழி. அரை மணி நேரம் போதும். ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர் நான்காவதுக்குப் போங்கள். மேக்ரோவை நானும் விட்டுவிடவில்லை. மறுநாள் காலை அந்தச் செம்பருத்தி பிழிந்து போட்ட துணி மாதிரி தரையில் கிடந்தது. அந்த முறுக்கின் மடிப்புகளுக்குள் போக வேண்டும் என்று தோன்றியபோதுதான், மாதக்கணக்காகப் பையில் கிடந்த லென்ஸை வெளியே எடுத்தேன்.