மைவியா, இ.மாஸ் 5ஆ? கோயம்புத்தூர் கணக்கு சுங்கை சிப்புட்டில் செல்லுமா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கார் வாங்க நினைக்கிறவர் முதலில் போய் நிற்பது ஷோரூமில் இல்லை, தமிழ்நாட்டு யூடியூப் சேனலில்தான். மின்சாரக் காரில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கூட ஆகாது என்று அங்கே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டுவார். இங்கே ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று பேர், கையில் இருக்கிற பெரோடுவா மைவி பெட்ரோல் காரை விற்றுவிட்டு புரோட்டோனின் இ.மாஸ் 5 மின்சாரக் கார் வாங்கத் தயாராகிவிடுவார்கள். அந்த வீடியோக்களில் பொய் இல்லை. கணக்கும் சரிதான். ஆனால் அது இந்தியக் கணக்கு.

ஒரே ஓட்டத்தை இரண்டு ஊரிலும் வைத்துப் பார்ப்போம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்த் திரும்ப நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு 100 லிட்டர் வேண்டும். கோயம்புத்தூரில் பெட்ரோல் சில வருஷங்களாகவே நூறு ரூபாயைச் சுற்றித்தான் நிற்கிறது, ஆக மாதம் 10,000 ரூபாய். அதே தூரத்துக்குச் சின்ன மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 230 யூனிட் குடிக்கும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 2,300தான். மிச்சம் 7,700 ரூபாய்.

அங்கே வரியும் மின்சாரக் கார் பக்கம்தான் சாய்கிறது. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்ன பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், அதற்கு முன் 28க்கு மேல். இந்தக் குறைப்புக்குப் பிறகு டாடாவின் சின்னக் கார் டியாகோ பெட்ரோலில் 5 லட்சத்துக்குள் ஆரம்பித்தது, மின்சாரத்தில் 8 லட்சத்தை ஒட்டி. மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம், பெரிதுதான். ஆனாலும் மாதம் 7,700 மிச்சம் பிடிக்கிறவருக்கு அது நாலு வருஷத்துக்குள் கழிந்துவிடும். சொந்த வீடும் வாசலில் பிளக்கும் தினசரி ஓட்டமும் இருக்கிற கோயம்புத்தூர்க்காரர் என்னைக் கேட்டால், யோசிக்காமல் வாங்குங்கள் என்பேன். அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு அசோசியேஷனிடம் சார்ஜருக்கு அனுமதி கேட்டு அலைகிறவருக்கும், மாதம் 400 கிலோமீட்டர் கூட ஓட்டாதவருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்போது நம்ம பக்கம். 2025 செப்டம்பர் 30 அன்று அரசாங்கத்தின் பெட்ரோல் மானியத் திட்டமான புடி95 தொடங்கியபோது, மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டுகிறவருக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 300 லிட்டர் வரை. அந்த விலையில் 100 லிட்டருக்கு 199 வெள்ளி. மின்சாரம் 2025 ஜூலைக் கட்டணப்படி யூனிட் சுமார் 44 காசு, 230 யூனிட்டுக்கு நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் என்ன? 97 வெள்ளி. ரூபாயில் இரண்டாயிரம் சொச்சம், கோயம்புத்தூர்க்காரர் பிடிக்கும் மிச்சத்தில் கால் பங்கு. மானியம் இல்லாத விலை அப்போது 2.60 இருந்தது, அதைக் கொடுத்து எண்ணெய் போடுகிறவருக்கு மிச்சம் 150ஐத் தாண்டும். மானியம் இருக்கிறவரை நமக்கு அந்தச் சுகம் இல்லை.

அந்த 97லும் ஒரு ஓட்டை இருக்கிறது. குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டுக்குப் பில்லில் ஒரு கழிவு கொடுக்கிறார்கள் இல்லையா, பயன்பாடு ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும். 600 யூனிட்டைத் தாண்டினால் ரீடெய்ல் சார்ஜ் என்று மாதம் 10 வெள்ளி வேறு தலையைக் காட்டும். இரண்டு ஏர்கான் ஓடும் வீட்டில் காரையும் சொருகினால் தாண்டாமல் என்ன செய்யும்?

சரி, காருக்கு வருவோம். மைவியின் உச்ச ரகமான 1.5 ஏவி 59,900 வெள்ளியை ஒட்டி. புரோட்டோன் இ.மாஸ் 5 2025 அக்டோபர் கடைசியில் வந்தபோது பிரைம் ரகம் 59,800, பிரீமியம் 72,800. அதாவது பிரைமும் மைவியும் ஒரே விலை, விலை வித்தியாசத்தை ஈடுகட்டும் கவலையே இல்லை, முதல் மாதத்திலிருந்தே மிச்சம்தான். என்ஜின் ஆயில் மாற்றுகிற வேலையும் இல்லை. இங்கேதான் நம் ஆட்கள் சட்டென்று விழுந்துவிடுகிறார்கள்.

பிரைமின் பேட்டரி 30 கிலோவாட் மணி, கம்பெனி சொல்லும் தூரம் 225 கிலோமீட்டர். பிளஸ் நெடுஞ்சாலையில் 110இல், ஏர்கானோடு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால் அந்த 225ஐ மறந்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போக நமக்கு 200க்கு மேல் ஓட வேண்டும். நடுவில் எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும், அன்றைக்கு உங்களைப் போலவே ஊர்பட்ட ஆட்கள் நிறுத்துவார்கள். அந்த வேகச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு, பல இடங்களில் 1.20 வெள்ளிக்கு மேல். 1.40 என்று வைத்தால் 100 கிலோமீட்டருக்கு 22 வெள்ளி ஆகிறது, மைவிக்கோ 13தான். ஆக வீட்டில் சொருக வழியில்லாதவர் மின்சாரக் கார் வாங்கினால் பெட்ரோலைவிட அதிகமாகச் செலவழிப்பார். இதை எந்த யூடியூபரும் நமக்குச் சொல்லப் போவதில்லை, அவர் ஊரில் அப்படி இல்லை. பிரீமியத்தில் 325 கிலோமீட்டர் என்கிறார்கள், பயணத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் கூடுதல் 13,000 வெள்ளி, அதற்கு ஒன்பது வருஷ வட்டி.

பெரோடுவாவின் மின்சாரக் கார் கியூவி-இ தனி ரகம். 2025 டிசம்பரில் வந்தது, 80,000 வெள்ளி, ஆனால் பேட்டரி உங்களுடையது இல்லை. மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது வருஷம். கூட்டினால் 29,700. கார் என்னவோ நல்ல கார்தான், பேட்டரி 52.5 கிலோவாட் மணி, இடமும் தாராளம். ஆனால் ஈப்போவுக்கு மாதம் முழுக்க மைவி ஓட்ட எண்ணெய்க்கே 199தான் ஆகிறது என்றால், அதைவிட அதிகமாக பேட்டரிக்கு வாடகை கட்டி, அதற்கு மேல் மின்சாரமும் கட்டி, கார் தவணையும் கட்டுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. இந்தியாவில் எம்ஜி வின்ட்ஸர் இதே வழியில் 2024இல் வந்தது, 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயும். அந்த ஊர் பெட்ரோல் விலையில் வாடகையும் மின்சாரமும் சேர்ந்தும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். இங்கே அதே யோசனை கையைக் கடிக்கிறது.

பழுது பார்ப்பதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். மைவிக்கு எந்த மூலையிலும் வொர்க்ஷாப் இருக்கிறது, விற்கப் போனாலும் விலை நிற்கும். மின்சாரக் காரின் செகண்ட்ஹேண்ட் விலை எங்கே போய் நிற்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது. பேட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம், கடன் ஒன்பது வருஷம், அந்தக் கடைசி வருஷத்தையும் எண்ணிப் பாருங்கள். ரோட் டேக்ஸ் 2026 ஜனவரி முதல் மின்சாரக் காருக்கும் உண்டு, ஆனால் இ.மாஸ் 5இன் சின்ன மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை.

என் தேர்வு இதுதான். வீட்டில் ஒரே கார் என்றால் மைவி. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசலில் கூரைக்குக் கீழே நிறுத்த இடம், ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார், தினமும் ஈப்போ அல்லது கோலகங்சார் ஓட்டம் என்றால் இரண்டாவது காராக பிரைம் அருமையாகப் பொருந்தும். தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறவர் இப்போதைக்கு இதைத் தொட வேண்டாம், சுவரில் புதிதாக ஒரு வயர் இழுக்கக்கூட மேனேஜரைக் கேட்க வேண்டிய வீட்டில் என்ன சார்ஜர் வைப்பது?

பிரைம் வாங்குகிறவருக்கு ஒன்று. 60 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெரிய சார்ஜர் அவசியமே இல்லை, சாதாரண மூன்று முள் பிளக்கிலேயே நாலைந்து மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் ஜன்னல் கம்பி வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, அதில் இரவெல்லாம் சொருகி வைக்காதீர்கள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், கொஞ்ச நாளில் பிளக்கின் முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பக்கம் லேசாக உருகி, இழுத்தால் வராத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்னால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை ஒரு தடவை கூப்பிட்டு, மெயின் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காருக்கென்று தனி லைன், தனி பிரேக்கர் போட எவ்வளவு ஆகும் என்று அவர் சொல்வதையும் கார் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.