பிளாக் சாபத்தோட பார்ன் அகெய்ன் (1983): மிக்ஸ் மோசம் தான், பாட்டு மோசம் இல்ல

பாண்டில மெட்டல் கேக்குற ஆளுங்களே கம்மி, அதுலயும் பிளாக் சாபத்ங்கற பிரிட்டிஷ் பேண்ட் பத்தி பேச்சு வந்தா ரெண்டு கட்சி ஆயிடும். ஓஸி பாடினது மட்டும் தான் சாபத்னு ஒரு கூட்டம், இல்ல அவருக்கு அப்புறம் பாடகரா டியோ வந்தப்புறம் தான் பேண்டுக்கே உயிர் வந்துச்சுன்னு இன்னொரு கூட்டம். இந்த ரெண்டு பேரும் சண்டைய நிறுத்திட்டு ஒண்ணு சேந்து திட்டுற ஆல்பம் தான் 1983ல வந்த பார்ன் அகெய்ன். டீப் பர்ப்பிள் பேண்டோட பாடகர் இயன் கில்லன் சாபத்துக்குப் பாடின ஒரே ஸ்டூடியோ ஆல்பம். எனக்கு இது அவங்களோட நல்ல ஆல்பங்கள்ல ஒண்ணு, இத ஒதுக்கி வெச்சிருக்கறது பெரிய நஷ்டம்னு மனசார நம்புறேன்.

முதல்ல குறைய பேசிடலாம், ஏன்னா அது நெஜம். மிக்ஸ், அதாவது ரெக்கார்ட் பண்ண சத்தங்கள அளவு பாத்து ஒண்ணா கலக்கறது, சரியில்ல, சவுண்ட் கலங்கலா இருக்கு. கல்யாண மண்டபத்துக்குள்ள கச்சேரி நடக்க நாம வெளில செருப்பு விடுற எடத்துல நின்னு கேக்குற மாதிரி, கீழ பேஸ் எல்லாத்தையும் அமுக்குது, சிம்பல் எங்க இருக்குன்னே தேட வேண்டியிருக்கு, அயோமி கிட்டாரோட முனை மழுங்கிப் போயிருக்கு. இதுக்கு காரணம் என்னன்னு டோனி அயோமியே அவரோட சுயசரிதைல சொல்றார், கில்லன் ஸ்டூடியோ ஸ்பீக்கர்ல சத்தமா போட்டுக் கேட்டு ட்வீட்டர் போயிடுச்சு, யாரும் அத கவனிக்கல, போன ட்வீட்டர வெச்சே வேலை ஓடிருக்குன்னு. ட்வீட்டர்ங்கறது ஸ்பீக்கர்ல கீச்சு சத்தத்த தர்ற பாகம், அது போனா மேல் சத்தம் காதுக்கே வராது, அப்புறம் எப்படி சரியா மிக்ஸ் பண்ண முடியும். சில பேர் இந்த கலங்கல் தான் ஆல்பத்தோட அழகுன்னு சொல்றாங்க, நான் அந்தப் பக்கம் போக மாட்டேன், நல்ல மிக்ஸ் இருந்திருந்தா இந்த ஆல்பம் இன்னிக்கு எங்கயோ இருந்திருக்கும்.

ஆனா மிக்ஸ் மோசம்ங்கறதுக்காக பாட்டையே மோசம்னு தள்றாங்க பாருங்க அங்க தான் எனக்கு ஒத்து வரல. ரெண்டும் வேற வேற. முக்கால்வாசி பேர் இத ப்ளூடூத் இயர்போன்ல கேட்டுட்டு வந்து தான் திட்றாங்க. இப்ப கடைல விக்கிற இயர்போன்ல நெறைய ஏற்கனவே பேஸ ஏத்தி வெச்சது தான், பேஸ் ஜாஸ்தியா இருக்கற ஆல்பத்த அதுல போட்டா என்ன ஆகும். போன்ல இக்வலைசர் தொறந்து கீழ் பட்டைய நல்லா எறக்கிட்டு மேல ட்ரெபிள கொஞ்சம் ஏத்துங்க, முடிஞ்சா ஒரு ரூம்ல ஸ்பீக்கர்ல போடுங்க, அப்புறம் பேசுங்க.

டிஸ்டர்பிங் தி ப்ரீஸ்ட்ல இருந்து ஆரம்பிக்கறது நல்லது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர்ல தி மேனர்ங்கற பழைய பங்களா ஸ்டூடியோல தான் ரெக்கார்டிங், பக்கத்துல சர்ச், சத்தம் தாங்க முடியலன்னு புகார் வந்திருக்கு, அதுல பொறந்தது இந்தப் பாட்டு. கதை சிரிப்பா இருக்கும், பாட்டு அப்படி இல்ல. கில்லன் நடுவுல போடுற அந்த அலறலும் சிரிப்பும் இருக்கே, ராத்திரி லைட் அணைச்சிட்டு கேட்டா உண்மையிலேயே ஒரு மாதிரி ஆயிடும். 1970ல ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார் ஆல்பத்துல ஏசுவா பாடின அதே தொண்டை இங்க எதிர்ப்பக்கம் போய் நிக்குது. ஓஸிகிட்ட ஒரு பரிதாபம் இருக்கும், பயந்து போனவன் குரல் அது. டியோ குரல் மலை மேல நின்னு கதை சொல்ற குரல். கில்லன் அந்தப் பயமுறுத்துற பொருளாவே மாறிப் பாடுறார், சாபத்ல வேற யாரும் இத செய்யல. இது ஒண்ணுக்காகவே இந்த ஆல்பம் இருக்கணும்.

அடுத்து ஸீரோ தி ஹீரோ. ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடுது, ஒரே ரிஃப், அதாவது சின்ன கிட்டார் துண்டு, திரும்பத் திரும்ப அரைக்குது, எனக்கு சலிக்கவே இல்ல. மஞ்சக்குப்பத்துல இருக்கற என் ஃப்ரெண்டு ஒருத்தன் டெத் மெட்டல் மட்டும் தான் கேப்பான், பழைய பேண்டுன்னா கிட்டயே வர மாட்டான், அவனுக்கு இந்தப் பாட்டு கேனிபல் கார்ப்ஸ்ங்கற டெத் மெட்டல் பேண்ட் 1993ல பாடின வெர்ஷன் மூலமா தெரியும். ஒரிஜினல போட்டுக் காட்டினேன், முழுசா கேட்டுட்டு "டேய் இது அதவிட அழுக்கா இருக்குடா" ன்னான். அவன் வாய்ல அது பாராட்டு. அவன இழுத்தது அந்த ரிஃப் தான், மிக்ஸ் அதுக்குக் குறுக்க நின்னும் அது அவன்கிட்ட போய் சேந்துச்சு.

டைட்டில் பாட்டு மெதுவா போறது, அங்க கில்லன் குரல் மேல மேல ஏறிட்டே போகும், அயோமி சோலோவும் இருக்கு. இத பத்தி அதிகம் சொல்றதவிட கேக்கறது தான் சரி.

ட்ராஷ்ட் பாட்டு பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா பாதி சண்டை அதனால தான். மேனர்ல இருந்த கார்ட் ரேஸ் டிராக்ல கில்லன் குடிச்சிட்டு டிரம்மர் பில் வார்டோட கார எடுத்துட்டுப் போய் கவுத்துட்டார், அத அப்படியே பாட்டா எழுதிட்டார். ஓஸி காலத்துல பாட்டு வரி பெரும்பாலும் பேஸ் வாசிக்கற கீசர் பட்லர் எழுதினது, போர், பைத்தியம், சாவுன்னு கனமா இருக்கும். கில்லன் வந்து தன்னோட கார், பாட்டில், பொம்பளைன்னு எழுதறார். சாபத் மியூசிக்குக்கு பர்ப்பிள் வரியான்னு கேக்கறவங்க கேள்வில ஞாயம் இருக்கு, டிஜிட்டல் பிட்ச்லயும் கீப் இட் வார்ம்லயும் வரி ரொம்ப லேசு தான். ஆனா ட்ராஷ்ட்ல டிரம்ஸ கவனிங்க. பில் வார்ட் குடிய விட்டுட்டு வந்து வாசிச்ச ஆல்பம் இது, டூருக்கு முன்னாடி மறுபடி முடியாம வெலகிட்டார், பேண்டோட அவர் வாசிச்ச கடைசி முழு ஸ்டூடியோ ஆல்பமும் இது தான். அந்த மனுஷனுக்காகவாவது ஒரு தடவ கேளுங்க.

அட்டைப்படம், கொம்பும் நகமும் கோரப்பல்லுமா செவப்பு கொழந்த. எங்கம்மா போன்ல பாத்துட்டு "பச்சப்புள்ளைய போய் இப்படி பண்ணி வெச்சிருக்காங்களே" ன்னு முகத்த திருப்பிக்கிட்டாங்க. அத டிசைன் பண்ண ஸ்டீவ் ஜூல் அப்ப ஓஸி பக்கம் வேலை செஞ்சிட்டு இருந்தவர், வேணாம்னு சொல்லட்டும்னே மோசமா பண்ணிக் கொடுத்தேன், அதையே எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லிருக்கார்.

இவ்ளோ இருந்தும் ஏன் யாருக்கும் தெரியாம போச்சு? வந்தப்ப நல்லா தான் போச்சு, பிரிட்டன்ல 4வது எடம் வரைக்கும், 1973ல வந்த சாபத் பிளடி சாபத் ஆல்பத்துக்கு அப்புறம் அவங்களுக்கு அந்த எடம் வந்ததில்ல. டூர்ல ஸ்டோன்ஹெஞ்ச், அதாவது இங்கிலாந்துல இருக்கற அந்தப் பழைய கல் வட்டம் மாதிரி செட் போட்டாங்க, அடின்னு போக வேண்டிய அளவு மீட்டர்னு போய் பெரும்பாலான மேடைல நுழையவே இல்ல, ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கறது அந்தக் கதை மட்டும் தான். 1984ல கில்லன் பர்ப்பிளுக்கே திரும்பிட்டார். அப்புறம் இந்த ஆல்பத்துக்குன்னு பேச ஆளே இல்ல. 2025 ஜூலை 5 பர்மிங்ஹாம்ல சாபத்தோட கடைசி கச்சேரி, வாசிச்ச நாலு பாட்டும் ஓஸி காலத்து பாட்டு. அது சரி தான், அது அவருக்கான ராத்திரி, அந்த மாசமே போயும் சேந்துட்டார். ஆனா கில்லன் பாட்டுக்கு மேடைன்னு ஒண்ணு இனிமே வரப்போறதும் இல்ல, கேக்கறவங்க தான் காப்பாத்தணும்.

மொத்தம் நாப்பது நிமிஷம் சொச்சம். பாண்டில கடலூர் பஸ் ஏறி அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது போட்டீங்கன்னா ஊர் போய் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும், ஆனா பஸ்ல வேணாம், இன்ஜின் உறுமலும் இந்த மிக்ஸும் ஒரே எடத்துல மோதும்.

காசு போட்டு வாங்கறதா இருந்தா 2011ல வந்த ரெண்டு டிஸ்க் பதிப்ப தேடுங்க. ரெண்டாவது டிஸ்க்ல 1983 ரீடிங் திருவிழால வாசிச்சது இருக்கு, அங்க ஸீரோ தி ஹீரோவோட ரிஃப் தெளிவா கேக்குது, ஸ்டூடியோல புதைஞ்சு போனது என்னன்னு அப்ப புரியும். அதே மேடைல கில்லன் ஓஸி காலத்து வார் பிக்ஸும் பாடறார், அயோமி டீப் பர்ப்பிளோட ஸ்மோக் ஆன் தி வாட்டர் வாசிக்கறார். அந்த ரெண்டு மட்டும் எனக்கு ஒட்டவே இல்ல. அவங்க சேந்து எழுதின பாட்டுங்க தான் அங்கயும் நிக்குது.